சிறுவிளக்கின் தந்தை ஒலெக் லோசெவ்

சான்றோர் சிலரின் பெயர் அவர் உலகிற்கு அளித்த பொருளோடு ஒட்டி நிற்கும். மின்குமிழைக் கண்டதும் எடிசன் நினைவிற்கு வருவார். வானொலி என்றதும் மார்க்கோனி நினைவிற்கு வருவார். வேறு சிலரோ பொருளை அளித்துவிட்டுப் பெயரைத் தம்மோடு கொண்டு சென்றவர். அவர் தந்த பொருள் வீடுதோறும் விளங்கும். அவர் பெயரைக் கூறின், அவர் யாவர் என்று வினவுவோரே பலராவர். மின்னணுவியல் கற்றோரிடையே நன்கறியப்பட்டும், ஏனையோரிடையே புகழ் பரவாதும் இருக்கும் ஒலெக் விளாதிமிரொவிச் லோசெவ் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவர். அன்னாரின் வரலாற்றை எம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் ஆசிரியரும் அறிதல் நலமெனக் கருதி இக்கட்டுரையை வரையலாயினேம்.

பதுளை நகரில் ஒரு வீட்டில் இரவு விளக்கை அணைத்துவிட்டு நோக்கின், இருளிற் சில புள்ளிகள் ஒளிர்வதைக் காணலாம். தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில் ஒரு செம்புள்ளி. இணையப் பெட்டியில் விட்டு விட்டு மின்னும் பச்சைப் புள்ளிகள். பசறையிலோ அப்புத்தளையிலோ ஒரு தேயிலைத் தொழிற்சாலையினுட் புகுந்தால், கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளுக்கும், தூளை உலர்த்தும் இயந்திரத்துக்கும் உரிய மின்பலகையிற் சிவப்பும் பச்சையுமாகச் சுட்டுவிளக்குகள் நிரல்பட நிற்கும். இக்காலத்து இத்தகைய விளக்குகளிற் பெரும்பாலானவற்றில் எரியும் திரியும் இல்லை. பழுக்கும் இழையும் இல்லை. ஒளிகாலும் இருவாயி என்று பாடநூல்களும், எல்.ஈ.டி. என்று மக்களும் வழங்கும் பளிங்குத் துணுக்குகளே இவற்றினுள் இருந்து ஒளிர்கின்றன. இவ்வொளியின் இயல்பை முதன்முதல் முறையாக ஆராய்ந்து, மின்னோட்டத்தால் அதனை மனிதன் விரைந்து ஆளலாம் என்று காட்டியவரே லோசெவ்.

பிறப்பும் இளமையும்

லோசெவ் 1903ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இரசிய நாட்டில் வொல்கா ஆற்றங்கரையிலுள்ள துவேர் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் படையிலிருந்து ஓய்வுபெற்றவர். புகையிரதப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலையொன்றின் அலுவலகத்திற் பணிபுரிந்தவர். குடும்பம் உயர்குடி வழிவந்தது. அக்காலத்தில் மேன்மையாக எண்ணப்பட்ட இப்பிறப்பே பின்னாளில் அவருக்குப் பெருந்தடையாக வந்து நின்றது.

முதல் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் பெறுதற்பொருட்டுத் துவேர் நகரிற் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. 1917இல் அதன் தலைவர் லெஷ்சின்ஸ்கி என்பார் பொதுமக்களுக்கு ஒரு விரிவுரை ஆற்றினார். கேட்டோர் பலருள் பதினான்கு வயதுச் சிறுவனாகிய லோசெவும் ஒருவர். காற்றினூடே கம்பியின்றிச் செல்லும் செய்தியைப் பற்றிய அவ்வுரை அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அன்று தொட்டு அந்நிலையத்தை நாடிச் செல்வதும், அங்கு பணிபுரிந்த பொஞ்ச்-புரூவிச் முதலியோரைக் கண்டு பழகுவதும், வீட்டிலே தாமாகச் சோதனைகள் செய்து பார்ப்பதும் அவர்தம் வழக்கமாயின. ஒரு நல்லாசிரியரின் ஒரு மாலைப்பொழுது ஒரு வாழ்நாளின் திசையை வகுத்துவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஆய்வுகூடத்தில் ஏவலாளர்

1920இற் பள்ளிப் படிப்பு நிறைவுற்றது. மொஸ்கோ சென்று உயர்கல்வி பெற அவர் விழைந்தார், அது கைகூடவில்லை. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் உயர்குடியிற் பிறந்தோருக்குக் கல்விச்சாலைகளின் வாயில்கள் எளிதிற் றிறக்கவில்லை. ஆயினும் அவர் மனம் தளர்ந்தாரில்லை. பொஞ்ச்-புரூவிச் தலைமையில் நிஸ்னி நொவ்கொரொட் நகரில் இயங்கிய வானொலி ஆய்வுகூடத்தை அடைந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த வேலை ஆராய்ச்சியன்று; கடிதங்களையும் பொருள்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் ஏவலாளர் வேலை. தங்குவதற்கும் அவருக்குத் தனியிடம் இல்லை. மேன்மாடத்துப் பரணுக்கு ஏறும் படிக்கட்டின் முகப்பே அவர் படுக்கையறையாயிற்று.

லெபெதின்ஸ்கி என்னும் இயற்பியற் பேராசிரியர் இவ்விளைஞரின் ஆர்வத்தைக் கண்டு அவரை ஆதரித்தார். பகலில் ஏவல் செய்தும், ஓய்வு நேரத்திற் கருவிகளைத் தொட்டுப் பயின்றும் லோசெவ் வளர்ந்தார்.

அலை எழுப்பிய பளிங்கு

அக்காலத்து வானொலிக் கருவிகளிற் பளிங்குணரி என்றொரு பகுதி இருந்தது. ஒரு கனிப்பொருட் பளிங்கின் மேல் மெல்லிய கம்பி நுனியொன்றைத் தொட்டு நிற்கச் செய்தால், அத்தொடுபுள்ளி மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் செல்லவிடும். இத்துறைக்கு முன்னோடியாய் நின்றவருள் நம் அண்டை நாட்டுப் பேரறிஞர் சேர் ஜகதீச சந்திர போஸும் ஒருவர். ஈயச் சல்பைட்டுப் பளிங்கைக் கொண்டு அவர் செய்த உணரிக்கு 1904இல் அமெரிக்க நாட்டுக் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திப் பொருளாலான கருவிக்கு வழங்கப்பட்ட முதற் காப்புரிமை அதுவே என்பர்.

பளிங்குணரி செய்தியை உணருமேயன்றி மெலிந்த அலையை வலுப்படுத்தாது. தானாக அலையை எழுப்பவும் மாட்டாது என்பதே அந்நாளைய அறிஞரின் துணிபு. வலுப்படுத்துதற்கு வெற்றிடக் குழாய் வேண்டும். குழாயோ விலை மிக்கது, விரைந்து பழுதுறுவது, பெரிய மின்கலவடுக்கை வேண்டி நிற்பது. லோசெவ் நாக ஒட்சைட்டுப் பளிங்கில் ஊசி நுனியைப் பொருத்தி, அதற்குச் சிறிதளவு மின்னழுத்தத்தைக் கொடுத்து ஆராய்ந்தார். 1922ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் அப்பளிங்கு தானாகவே மின்னலைவை எழுப்புவதை அவர் கண்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இவ்வாறு எழுந்த கருவிக்குக் கிறிஸ்ரடின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. குழாய் வாங்க வசதியற்ற வானொலி ஆர்வலர் பலர் அதனைத் தம் கையாற் செய்து பயன்பெற்றனர். 1924இல் அமெரிக்காவில் ஹியூகோ கேர்ன்ஸ்பக் நடத்திய வானொலி இதழ் இக்கண்டுபிடிப்பைப் பெருமையாக வெளியிட்டது. எனினும் இயற்கையில் அப்பளிங்கு கிடைக்குமிடம் அரிது. தொடுபுள்ளியும் எளிதில் விலகிவிடும். குழாய்களின் விலையும் நாளடைவிற் குறைந்தது. ஆதலின் கிறிஸ்ரடின் மறைந்தது. பளிங்குத் துண்டொன்றினால் மின்னலையை வலுப்படுத்தலாம் என்னும் உண்மையை உலகம் மீண்டும் கைக்கொள்வதற்கு, 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்ரர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குளிர்ந்த ஒளி

லோசெவின் பெயரை நிலைநிறுத்திய செயல் இனி வருவது. காபொரண்டம் எனப்படும் சிலிக்கன் காபைட்டு மிகக் கடிய பொருள். கவ்வாத்துக் கத்தி முதலியவற்றைத் தீட்டும் சாணைக்கற்கள் பல இப்பொருளாற் செய்யப்படுவனவே. அப்பொருளின் பளிங்கொன்றில் ஊசியைத் தொடவைத்து மின்னைச் செலுத்திய லோசெவ், தொடுமிடத்தில் மெல்லியதோர் ஒளி தோன்றுவதை 1923 அளவிற் கண்டார்.

இவ்வொளியை அவருக்கு முன்னரும் ஒருவர் கண்டதுண்டு. மார்க்கோனியின் நிறுவனத்திற் பணியாற்றிய ஹென்றி யோசப் ரவுண்ட் என்னும் ஆங்கிலேயர் 1907இல் இதனைக் கண்டு, ஓர் இதழிற் சிறு குறிப்பாக வெளியிட்டார். அதன் பின் அதனைத் தொடர்ந்தாரில்லை. காண்டல் வேறு, கண்டதை விடாது பற்றி ஆராய்தல் வேறு. லோசெவ் இரண்டாவதைச் செய்தார்.

மின்குமிழின் இழை வெப்பத்தாற் பழுத்து ஒளிர்கின்றது. இப்பளிங்கும் அவ்வாறு சூடேறித்தான் ஒளிர்கின்றதோ என்னும் ஐயம் முதலில் எழுந்தது. லோசெவ் எளிய சோதனையொன்றால் அதனைத் தீர்த்தார். விரைந்து ஆவியாகும் நீர்மத்தின் துளியொன்றை ஒளிரும் பளிங்கின் மேல் இட்டு நோக்கினார். பளிங்கு சூடேறியிருப்பின் துளி உடனே மறைந்திருக்கும். அதுவோ மெதுவாகவே உலர்ந்தது. ஆகவே இஃது எரிதலால் வரும் ஒளியன்று. குளிர்ந்த ஒளி என்று துணிந்தார்.

மேலும் அவர் இவ்வொளி இருவகைப்படுவதைப் பிரித்தறிந்தார். மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஒளி உடனே அவிவதையும், செலுத்தியதும் உடனே தோன்றுவதையும் கண்டார். ஒளி பட்டவிடத்து மின் எழுதல் பற்றி ஐன்ஸ்ரைன் 1905இற் கூறிய குவாண்டக் கொள்கையைத் தலைகீழாக வைத்து, இங்கு மின்னிலிருந்து ஒளி எழுகின்றது என்று விளக்கினார். அவ்விளக்கம் பெரிதும் உண்மையின் பாற்பட்டதே. செந்நிற எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றிலும், நீலநிறத்தது ஏறத்தாழ 3 வோல்ற்றிலும் ஒளிர்வதன் காரணம் அதனுள் அடங்கியுள்ளது. நீல ஒளியின் துணிக்கை மிகுந்த ஆற்றலுடையது. ஆதலின் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் மிகுதி.

1927இல் இவ்வாராய்ச்சி இரசிய இதழொன்றில் விரிவாக வெளிவந்தது. 1928இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றிலும் வெளியாயிற்று. இவ்வொளியை விரைவாக ஏற்றியும் அவித்தும் செய்திகளை அனுப்பலாம் என்று கருதி, ஒளி அஞ்சல் என்னும் கருத்துடைய கருவிக்கு 1927இல் விண்ணப்பித்து, 1929இற் காப்புரிமையும் பெற்றார். விளக்கு என்பது இருளை நீக்குதற்கு மட்டுமன்று, செய்தி சொல்லுதற்கும் ஆகும் என்று அவர் எண்ணியதே ஈண்டுக் கருதத்தக்கது. இன்று ஒவ்வொரு கருவியின் முகத்திலும் இருந்து கண்சிமிட்டும் சுட்டுவிளக்கு அவ்வெண்ணத்தின் வழித்தோன்றலாகும்.

லெனின்கிராட் வாழ்வும் மறைவும்

1928இல் நிஸ்னி நொவ்கொரொட் ஆய்வுகூடம் கலைக்கப்பட்டது. லோசெவ் லெனின்கிராட் நகரை அடைந்து அங்குள்ள மத்திய வானொலி ஆய்வுகூடத்திற் பணியேற்றார். யொஃபே என்னும் பெரும் இயற்பியலறிஞர் அவர்தம் திறமையை மதித்துத் தம் நிறுவனத்திற் சோதனைகள் செய்ய இடமளித்தார். ஆயினும் பட்டமில்லாதவர் என்னும் குறை அவரைப் பின்தொடர்ந்தது. 1938இலேயே, ஆய்வேட்டை அவையில் நிறுவும் சடங்கு இன்றி, செய்த பணிகளை நோக்கி அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் வழங்கப்பட்டது. அதற்குள் அவர் லெனின்கிராட் முதலாவது மருத்துவ நிறுவனத்தின் இயற்பியற் பிரிவில் மாணவர்க்குக் கற்பிக்கும் பணியில் அமர்ந்திருந்தார்.

1941 செப்டெம்பர் 8ஆம் நாள் செருமானியப் படை லெனின்கிராட்டை முற்றுகையிட்டது. உணவு வரும் வழிகள் அடைபட்டன. நவம்பர்ப் பிற்பகுதியில் தொழிலாளர் அல்லாதோர்க்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண் மட்டுமே பங்கிடப்பட்டது. நகரை விட்டு வெளியேறுமாறு கூறப்பட்டும் லோசெவ் வெளியேறவில்லை. காயமுற்றோர்க்குத் தம் குருதியை ஈந்தார். தீப்பற்றியதை அறிவிக்கும் கருவியையும், புண்ணிற் புதைந்த உலோகத் துண்டைக் கண்டறியும் கருவியையும் அமைப்பதில் ஈடுபட்டார். 1942 சனவரி 22ஆம் நாள் பசியால் மெலிந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 38. ஒளியைப் பற்றி அவ்வளவு அறிந்தவர் விளக்கற்ற நகரொன்றில் மறைந்தார் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1951இற் குர்ட் லெஹோவெக் முதலியோர் சிலிக்கன் காபைட்டின் ஒளிக்குப் பீ-என் சந்தியைக் கொண்டு விளக்கம் கூறினர். 1962இல் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குப் புலனாகும் செந்நிற எல்.ஈ.டி.யைச் செய்தார். பேரொளி வீசும் நீலநிற எல்.ஈ.டி.க்கு வழிவகுத்த யப்பானிய அறிஞர் அகசாகி, அமானோ ஆகியோருக்கும், யப்பானிற் பிறந்த நக்கமுராவுக்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சிறுவிளக்கை ஆள்வது யாது?

லோசெவ் ஊசி நுனியைக் கையால் நகர்த்தி ஏற்றிய ஒளியை இன்று கருவியினுள் உட்பொதிந்த கணினி ஆள்கின்றது. அவ்வாட்சியின் முறையை மாணவர் அறிதல் அவர்தம் வரலாற்றை நிறைவு செய்வதாகும்.

கணினிச் சில்லிற் பல மின்கால்கள் உள. ஒவ்வொரு காலுக்கும் சில்லினுட் பதிவகம் ஒன்றில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் 1 எழுதினாற் காலில் 3.3 வோல்ற்று அழுத்தம் தோன்றும். 0 எழுதினால் மறையும். அக்காலுக்கும் செந்நிற எல்.ஈ.டி.க்கும் இடையே 330 ஓம் தடையொன்றை இடுவர். விளக்கு 2 வோல்ற்றை ஏற்க, எஞ்சிய 1.3 வோல்ற்றுத் தடையின் பாற்படும். 1.3ஐ 330ஆல் வகுக்கின் ஏறத்தாழ 4 மில்லியம்பியர் மின்னோட்டம் கிடைக்கும். சுட்டுவிளக்கு ஒளிர்தற்கு அதுவே அமையும். தடை இல்லையாயின் மின்னோட்டம் எல்லை கடந்து விளக்கையோ சில்லையோ கெடுக்கும்.

ஒரு விளக்கும் ஒரு செய்நிரலும் மட்டுமே உள்ளவிடத்து இதுவே போதும். பல செய்நிரல்கள் ஒருங்கே ஓடும் கருவியிலோ, ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி பதிவகத்தில் எழுதப் புகின், ஒன்று ஏற்றியதை மற்றொன்று அவித்துவிடும். பண்டாரவளையிலிருந்து பதுளை நோக்கி வரும் ஒற்றைப் புகையிரதப் பாதையை நினைவுகூர்க. எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே பகுதியிற் புகாவண்ணம், ரப்லெற் எனப்படும் அடையாளத் தகட்டை நிலைய அதிபரிடம் பெற்ற சாரதியே அப்பகுதியிற் செல்லலாம் என்னும் முறை மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் கையாளப்பட்டு வந்துள்ளது. கணினியில் அந்நிலைய அதிபரின் இடத்தில் நிற்பது கேர்னல் எனப்படும் மூலநிரல். சாதாரணச் செய்நிரல் எதுவும் பதிவகத்தை நேரே தொடாதபடி அது காவல் செய்யும். கேர்னலின் உறுப்பாகிய சாதன இயக்கி மட்டுமே விளக்கைத் தொடும்.

1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னலில், விளக்குகளுக்கெனத் தனிப்பிரிவொன்று 2006இற் சேர்ந்தது. அதன் அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு விளக்கும் ஒரு கோப்புறையாகத் தோன்றும். பிரைட்னஸ் என்னும் கோப்பில் 0 எழுதினால் விளக்கு அவியும்; வேறோர் எண்ணை எழுதினால் ஒளிரும். சில சுற்றுகளிற் காலில் 0 இருக்கும்போதே விளக்கு ஒளிரும்படி கம்பிகள் இணைக்கப்பட்டிருக்கும். எந்த விளக்கு எந்தக் காலில் உளது, அஃது எம்முறையில் இணைக்கப்பட்டது என்பன கருவியின் விவர அட்டவணையில் எழுதப்பட்டிருத்தலின், அத்தலைகீழ் மாற்றத்தை இயக்கியே செய்துகொள்ளும். செய்நிரல் எழுதுவோர் கம்பியைப் பற்றிக் கவலுற வேண்டுவதில்லை.

ட்ரிகர் என்னும் மற்றொரு கோப்பு, விளக்கை எந்நிகழ்ச்சியோடு பிணைப்பது என்பதைக் குறிக்கும். குறித்த கால இடைவெளியில் மின்னச் செய்யலாம். சேமிப்பு வட்டைத் தொடுந்தோறும் மின்னச் செய்யலாம். இதயத்துடிப்பு என்று பெயரிட்டதொரு முறையும் உண்டு. அதில் விளக்கு இருமுறை துடித்துச் சிறிது ஓய்ந்து மீண்டும் துடிக்கும். கணினியின் பளு மிகுந்தால் துடிப்பும் விரையும். மருத்துவர் நாடி பிடித்து நோக்குவதுபோலக் கருவியைப் பேணுவோர் இவ்விளக்கை நோக்கியே அதன் நலத்தை அறிவர்.

ஊவா மலைச்சாரலில்

இவையெல்லாம் எங்கோ தொழிற்கூடத்தில் இருப்போர்க்கு உரிய செய்திகள் என்று கருதற்க. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையில், எம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் அபாயமானது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். அறிதல் வேறு, அறிந்தது உரிய வேளையில் உரியவர் கண்ணிற் படுதல் வேறு என்னும் உண்மையை அந்நாள் எமக்கு உணர்த்திற்று.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவை அடிப்படையாகக் கொள்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐக் கடந்தால் எச்சரிக்கை. 150ஐக் கடந்தால் இடம் பெயர்தல் வேண்டும். தானாக மழையை அளக்கும் கருவியொன்றின் முகத்தில், இம்மூன்று நிலைக்கும் மூன்று நிற விளக்குகளை அமைப்பதாகக் கொள்வோம். நள்ளிரவில் மழை கொட்டுகின்றது. தோட்டத்துக் காவலர் கருவியை நோக்குகின்றார். ஒரு விளக்கும் ஒளிரவில்லை. அவர் என்ன கொள்வார்? ஆபத்து இல்லை என்று கொள்வாரா? மின்கலம் தீர்ந்தது என்று கொள்வாரா? இருள் ஒன்றே, பொருள் இரண்டு. ஒரு பொருளுக்கு உறங்கலாம். மற்றதற்கு உறங்கினால் உயிர் போகும். ஆகவே, யான் உயிரோடிருக்கின்றேன் என்று இடைவிடாது துடித்துச் சொல்லும் நான்காம் விளக்கொன்று கட்டாயம் வேண்டும்.

அதுவும் போதாது. அத்துடிப்பைக் கேர்னலே தானாக நடத்துமாயின், மழையை அளக்கும் செய்நிரல் இடையில் நின்றுபோனாலும் விளக்கு துடித்துக்கொண்டேயிருக்கும். பார்ப்பவர் நலமென்று நம்புவர். அளவையோ நின்று பல மணி நேரமாயிருக்கும். அத்தகைய விளக்கு பொய்ச்சான்று கூறும் விளக்காகும். ஆதலின், மழையளவை எடுத்து முடிந்தபின்னரே அளக்கும் செய்நிரல் அவ்விளக்கை ஒருமுறை துடிக்கச் செய்தல் வேண்டும். குறித்த காலத்துள் அச்செய்நிரலிடமிருந்து செய்தி வாராவிடிற் கருவியை மீளத் தொடக்கும் காவற்கடிகையும் உடனிருத்தல் வேண்டும். விளக்கு எந்தச் செயலோடு பிணைக்கப்பட்டதோ, அந்தச் செயலுக்கு மட்டுமே அது சான்றாகும். இதனை உணராது அமைத்த விளக்கு, விளக்கே இல்லாத நிலையினும் கேடு விளைப்பது. ஏனெனில் விளக்கில்லாதவன் அஞ்சி விழித்திருப்பான். பொய்விளக்கை நம்பியவன் உறங்கிவிடுவான்.

நாம் கொள்ள வேண்டுவது

லோசெவின் வாழ்வில் எம் மலையக மாணவர்க்கு நெருங்கிய செய்தியொன்று உண்டு. உயர்குடிப் பிறப்பு அவருக்குக் கல்வி வாயிலை அடைத்தது. எம் முன்னோர்க்கோ, லயன் அறையிற் பிறந்த பிறப்பே வாயிலை அடைத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. வாயில் எதுவாயினும் அடைபட்ட கதவின் முன் நிற்கும் துயரம் ஒன்றே. லோசெவ் அக்கதவின் முன் அமர்ந்து அழுதாரல்லர். பரணின் படிக்கட்டில் உறங்கி, பளிங்கையும் ஊசியையும் கையிற் கொண்டு, தமக்கெனத் தனி வாயிலொன்றை அமைத்தார்.

அதற்காகக் கதவை அடைத்தது தக்கதே என்று கூறுவார் பிழைபடுவர். பட்டமும் கருவியும் உதவியும் உரிய காலத்திற் கிடைத்திருப்பின், அவர் இன்னும் எவ்வளவோ செய்திருத்தல் கூடும். திறமையுள்ள பிள்ளையை ஏவலாளாக வைத்திருத்தல் ஒரு நாட்டிற்கு இழப்பேயன்றிப் பெருமையன்று. லெஷ்சின்ஸ்கியின் ஒரு விரிவுரையும், லெபெதின்ஸ்கியின் ஆதரவும், யொஃபேயின் மதிப்பும் இல்லையேல் அவரும் வெளிப்பட்டிருக்கமாட்டார். ஆகவே பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஆசிரியராகிய எமக்கும் இவ்வரலாற்றில் ஒரு கடமை சுட்டப்பட்டிருக்கின்றது. கல்லூரி ஆய்வுகூடத்தில் எல்.ஈ.டி.யும் தடையும் மின்கலமும் சிறு கணினிப் பலகையொன்றும் இருக்குமாயின், அவற்றை அலுமாரியிற் பூட்டி வையாது மாணவர் கையில் ஈதல் வேண்டும். அவை பெருவிலைப் பொருள்களல்ல, பழுதுற்றாலும் பாடமாகும். பதுளை நகரிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுள்ளமையால், மேற்கல்வியின் வாயிலும் தொலைவில் இல்லை.

மாணவச் செல்வர்காள்! இனி ஒரு கருவியின் முகத்திற் சிறுபுள்ளியொன்று துடிப்பதைக் காணுங்கால், அது யாது கூறுகின்றது என்று ஒருகணம் நின்று வினவுங்கள். அதனை ஏற்றும் செய்நிரல் யாது, காவல் செய்யும் கேர்னல் யாது, அது கூறுவது மெய்யோ என்று ஆராயுங்கள். நாளை மழைமலையின் அடிவாரத்தில் வைக்கப்படும் எச்சரிக்கைக் கருவியை அமைப்பவர் உங்களுள் ஒருவராக இருத்தல் கூடும். அன்று நீங்கள் ஏற்றும் விளக்கு மெய்யையே கூறுக. பசியால் மெலிந்த காலத்தும் பிறர் துயர் தீர்க்கும் கருவியை எண்ணிய அப்பெரியார்க்கு நாம் செலுத்தத்தகும் நன்றி அதுவே.